அபிநயா பேரில் ஒரு வண்டி

தேர்வில் தேறினாள் அபிநயா. நேர்காணலில் தேறினாள். மருத்துவப் பரிசோதனையில் ரத்தம், கண், காது என்று எதையெதைப் பார்த்தார்களோ அதிலெல்லாம் தேறினாள். கடைசியில் அவளைக் கவிழ்த்துப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள். அதை அவள் ஓட்டியதே ஒரே ஒரு முறைதான், அதுவும் பத்தடி தூரம்.

திருச்செங்கோட்டில் அந்தத் தனியார் வங்கியின் கிளை மேலாளர் உஷாராணி கெட்டவர் இல்லை. சேதியைச் சொல்வதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்து அபிநயாவின் முன்னால் வைத்தார். கேட்காமல் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நல்ல சேதி இருக்காது.

"உன்னோட சிபில் மார்க் ஐநூத்தி நாப்பத்தெட்டு காட்டுதும்மா. அறுநூத்தம்பதுக்குக் கீழ இருந்தா எங்க தலைமை ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க."

"நான் கடனே வாங்கலீங்களே மேடம்."

உஷாராணி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "வண்டிக் கடன். இருபத்தி நாலு தவணை. ஒம்பது கட்டியிருக்குது. அப்புறம் பதினஞ்சு மாசமா ஒரு பைசா கட்டலை. பணம் புழங்கற இடம் பாரு இது. சொந்தக் கடனைக் கட்டாதவங்க கையில கல்லாப் பெட்டியைக் கொடுக்கக் கூடாதுங்கறது விதி."

கட்டாதவள். பஸ்ஸில் கண்டக்டர் தவறிப்போய் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால், இறங்குவதற்குள் அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்குகிற பெண்ணுக்கு இந்தப் பட்டம். முகம் தீயாக எரிந்தது. அழுதுவிடக் கூடாது என்று தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இது சரியாயிட்டா என்னை எடுத்துக்குவீங்களா மேடம்?"

உஷாராணி மேசை நாட்காட்டியைப் பார்த்தார். "உன்னை வேண்டாம்னு நான் இன்னைக்கே எழுதியாகணும். ஆனா இந்த இடத்துக்கு அடுத்த ஆளை முப்பதாம் தேதிக்கு மேலதான் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள கடன் முழுசும் அடைஞ்சு போச்சுன்னு அந்தப் பைனான்ஸ் கம்பெனிக் கடுதாசியோட வா. மறுபடியும் எழுதிப் பாக்கறேன். வாக்குக் கொடுக்கலை. எழுதிப் பாக்கறேன்."

அன்று தேதி ஐந்து. ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். இருபத்தைந்து நாள் இருந்தது.

அந்த வண்டி எப்படி அவள் பேருக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அவள் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அபிநயா பிறந்த வாரத்தில் அவளுடைய பெரியப்பா, மூன்று தடவை புழுதி மட்டுமே வந்த காட்டில் நாலாவது தடவை போர் போட்டார். நாற்பதாவது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. துளை போடும் ரிக் வண்டியை ஓட்டி வந்த ஆளே நனைந்து போய் நின்று சிரித்தானாம். தண்ணீர் மண்ணுக்கடியில் அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை ராசிக்காரி என்று சொந்தபந்தம் மொத்தமும் முடிவு செய்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த வகையறாவில் அவள் கை படாமல் ஒரு சாமான் வீட்டுக்குள் வந்ததில்லை. தையல் மெஷின், கிரைண்டர், எதுவானாலும் முதலில் அபிநயா தொட வேண்டும். மேச்சேரி ஆட்டுக்குட்டி பிடித்து வந்தால்கூடக் கயிற்றை முதலில் அவள் கையில் கொடுத்து வாங்குவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தவரை அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

வளர்ந்தாள். பி.காம். முடித்து ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதப் போனாள். மாதம் பதினோராயிரம் சம்பளம், சம்பளச் சீட்டோடு. அந்த வகையறாவில் சம்பளச் சீட்டு என்ற காகிதத்தைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். தறிக்காரர்களும் ரிக் வேலைக்காரர்களும் நிறைந்த சொந்தத்தில் யாருக்குமே தவணைக் கடன் கொடுக்காத கம்பெனிகள், அந்தச் சீட்டைப் பார்த்ததும் இளித்தன. இவ்வளவு நாளும் தொட்டுக் கொடுத்தவள் இனிமேல் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியதில் வியப்பென்ன.

முதலில் வந்தவன் பெரியப்பா மகன் சிவபிரகாஷ். "பேரு மட்டுந்தான் அம்மிணி உன்னுது. தவணை பூரா நான் கட்டறேன். உன்ற ராசியில வாங்குனா வண்டி நிக்கும்" என்றான். அபிநயா தயங்கினாள். அம்மா அத்தாயிதான், "அண்ணங்காரன் ஆசையாக் கேக்கறான், போட்டுக் குடு சாமி" என்று தூண்டிவிட்டாள்.

சேலம் கடையில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அபிநயாவை ஏற்றி உட்கார வைத்தார்கள். எருமைக் கன்று மாதிரி கனத்த கறுப்பு வண்டி. பட்டனை அழுத்தியதும் தொடை அதிர்ந்தது. பத்தடி ஓட்டினாள். பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். "போதும், இறங்கு" என்றான் சிவபிரகாஷ். மீதித் தூரமெல்லாம் அவன் ஓட்டினான். விண்ணப்பத்தில் போன் நம்பரும் அவனுடையது, விலாசமும் அவனுடையது. அதனால் ஒன்பது மாதத்துக்கு மேல் அவன் கட்டவில்லை என்பது, தண்ணீர் டம்ளர் முன்னால் வந்து நிற்கும் வரை அவளுக்குத் தெரியாது.

அன்று வீடு வரை போகாமல், மல்லசமுத்திரத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். வாசல் கொட்டகையில் வண்டி நின்றது. பைனான்ஸ் ஆட்கள் இரண்டு தடவை தேடி வந்ததால், தார்ப்பாய் போட்டு மூடி அதன்மேல் வைக்கோல் அள்ளிப் போட்டிருந்தான். உள்ளே சிவபிரகாஷ் தன் கல்யாண பிளெக்ஸ் பேனருக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். கல்யாணம் வருகிற இருபத்தெட்டாம் தேதி.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ரிக்குக்கு வேலை ஓடுல அம்மிணி, அதான் நின்னு போச்சு. கல்யாணம் முடியட்டும். மொய்ப் பணம் வந்ததும் மொத வேலை இதுதான்."

"முப்பதாந் தேதிக்குள்ள கடுதாசி வேணுங்ண்ணா. மொய்ப் பணத்தை எண்ணி முடிக்கறதுக்குள்ள என்ற வேலை போயிரும்."

"அந்த ஒரு பேங்குதானா ஊர்ல இருக்குது? உன்ற ராசிக்கு அதைவிடப் பெரிய வேலை தேடி வரும் பாரு." அப்புறம் முகம் மலர்ந்து போனை நீட்டினான். "இதைப் பாரு. செண்டை மேளம். பாலக்காட்டுல இருந்து இருபத்தோரு பேரு வாராங்க. அறுபதாயிரம் பேசியிருக்குது. நம்ம சனத்துல இதுவரைக்கும் எவனும் கூட்டியாந்ததில்ல."

அபிநயாவுக்கு அந்த நிமிஷத்தில் அந்த இருபத்தோரு மேளத்தையும் அவன் தலையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

வீட்டில் அப்பா தீர்த்தகிரி தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். கேட்டுவிட்டு, "அண்ணன் ஊட்டுக் கல்யாணம். இப்பப் போயி இதைக் கிளப்புனா நல்லாவா இருக்கும்?" என்று மறுபடி தறியை ஓட்டப் போய்விட்டார். சத்தமான இடம், யாரும் அவரை எதுவும் கேட்க முடியாது. அத்தாயி மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் சேலத்துக்குப் போய்ப் பைனான்ஸ் கம்பெனியில் உட்கார்ந்தாள் அபிநயா. நந்தகுமார் என்ற அதிகாரி கணக்கைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். பாக்கித் தவணை எண்பத்து நாலாயிரம், அபராதம் எட்டாயிரத்து நானூறு, மொத்தம் தொண்ணூற்று இரண்டாயிரத்து நானூறு.

"ஐம்பத்தஞ்சு கட்டுங்க, செட்டில்மென்ட்ல முடிச்சு விட்டுடறேன். அதுக்கும் கடுதாசி தருவோம்" என்றார் தாராளமாக.

"செட்டில்மென்ட்னா ரிப்போர்ட்ல எப்படிங்க வரும்?"

நந்தகுமார் நிமிர்ந்து பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் அதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "பேரம் பேசிக் குறைச்சுக் கட்டினதா வரும். ஏழு வருஷம் அப்படியே நிக்கும்."

"முழுசும் கட்டினா?"

"கடன் முடிஞ்சதுன்னு வரும். மார்க் கொஞ்சங் கொஞ்சமா ஏறிடும்."

அபிநயா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்தாள். அவளிடம் முப்பத்தோராயிரம் சேமிப்பு இருந்தது. அன்று சாயங்காலம் அத்தாயி தன் காதுத் தோடு இரண்டையும் கழற்றி ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "நாந்தேன் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இதை வித்துக் கட்டிப் போடு சாமி" என்றாள்.

"போட்டுக்கங்கம்மா தோட்டை. பேரும் நாம குடுத்து, தோடும் நாம குடுக்கறதா? அவன் மேளங் கொட்டுவான், நாம காது மூளியா நின்னு கேக்கணுமா?"

தோட்டைத் தானே அம்மாவின் காதில் மாட்டித் திருகினாள். அத்தாயி அழுதாள். அபிநயாவும் கொஞ்சம் அழுதாள். அதற்கப்புறம் அந்த விஷயத்துக்காக அவள் அழவில்லை.

பத்து நாள் போனது. தினமும் சிவபிரகாஷுக்குப் போன் போட்டாள். முதல் மூன்று நாள் எடுத்தான், அப்புறம் எடுப்பதை விட்டுவிட்டான். அவளுக்கு ராத் தூக்கம் போனது. வேலை கிடைத்தது என்று ஆலையில் சொல்லி நின்றுவிட்டதால் கையில் இருந்ததும் போயிருந்தது.

பதினேழாம் தேதி, அவனாகவே வீட்டுக்கு வந்தான். கூடவே பெரியம்மா முத்தாயம்மாள். பெரியம்மா கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. இணைச்சீருக்கு அழைக்க வந்திருந்தார்கள்.

இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் மணப்பெண் மாதிரி அலங்காரத்தோடு மனைப்பலகையில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். பெண்ணுக்குக் கொடுக்கப்போகும் கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆனாலும் கூடப் பிறந்தவளை மறக்க மாட்டேன், அவளுக்கு உள்ளது அவளுக்கு உண்டு என்று ஊர் முன்னால் ஆண்பிள்ளை ஒப்புக்கொள்கிற சடங்கு அது. சிவபிரகாஷ் ஒற்றைப் பிள்ளை. தங்கை முறைக்கு அவனுக்கு முதலில் இருப்பவள் சித்தப்பா மகள் அபிநயாதான்.

"எந்திரிச்சு வா சாமி, சேலையை வாங்கிக்க. உன்ற ராசிக்கையில அவன் கல்யாணம் நடக்கோணும்" என்றாள் முத்தாயம்மாள், வாய் கொள்ளாத சிரிப்போடு.

அபிநயா எழுந்து வந்தாள். தாம்பாளத்தைத் தொடவில்லை.

"பெரிம்மா, நான் உக்கார மாட்டேனுங்க."

அடுத்த அறையில் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. தீர்த்தகிரி வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன பேச்சு பேசறே அம்மிணி?" என்றாள் பெரியம்மா.

"மனையில உக்காந்து, தங்கச்சிக்கு உள்ளது தங்கச்சிக்குன்னு அண்ணன் ஊரு முன்னால சொல்லோணும். எனக்கு உள்ளது என்னங்க? என்ற பேரு. அதை வாங்கிட்டுப் போயி பதினஞ்சு மாசமா வைக்கலுக்கடியில போட்டு வச்சிருக்குது அண்ணன். அந்தக் கடனை முழுசும் கட்டி, கடுதாசியை என்ற கையில குடுக்கட்டும். நான் குளிச்சு, தலைக்குப் பூ வச்சு, முத ஆளா வந்து மனையில உக்காருறேன். இல்லீன்னா பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போட்டு வந்துருவேன்."

"ஒரு வண்டிக் கடனுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவியா?" என்று சிவபிரகாஷ் கத்தினான்.

"ஒரு மேளத்துக்காக நீங்க என்ற வேலையை நிறுத்தலீங்களா?"

முத்தாயம்மாள் திரும்பி அத்தாயியைப் பார்த்தாள். "ஏ அத்தாயி, பெத்தவ நீயாவது சொல்லு."

அத்தாயி வாழ்க்கையில் தன் ஓரகத்தியை எதிர்த்து ஒரு சொல் பேசியவள் இல்லை. தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஒருக்கா நான் சொல்லித்தான் அவ கையெழுத்துப் போட்டாளுங்க அக்கா. மறுக்காவும் என்னால சொல்ல முடியாதுங்க" என்றாள்.

தாம்பாளம் வந்த வழியே போனது. தீர்த்தகிரி தறிக்குத் திரும்பிப் போகவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காப்பி குடிக்கறயா?" என்று கேட்டார்.

இவள் இல்லாவிட்டால் வேறு தங்கை இல்லையா என்று சிவபிரகாஷ் வீறாப்பாக ஜலகண்டாபுரத்துக்குப் போன் போட்டான். அங்கே இன்னொரு முறைத் தங்கை அறிவுச்செல்வி இருந்தாள், தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கும் சம்பளச் சீட்டு உண்டு. இணைச்சீருக்கு வரச் சொன்னதும் அவள் பதறாமல் கேட்டாள். "வர்றேனுங்ண்ணா. அதுக்கு முன்னால, உங்க ஊட்டுக்கு எம்பேர்ல வாங்குன வாஷிங் மெசினுக்கு நாலு தவணை நிக்குதே, அது என்னாச்சுங்க?" போனை வைத்துவிட்டு நேராக அபிநயாவைக் கூப்பிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த மாதமே பாக்கியைக் கட்டிவிடுவதாகப் பெரியப்பா அவளிடம் தனியாகப் போன் போட்டுச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

கல்யாண வீட்டில் இணைச்சீருக்கு ஆள் இல்லை என்ற சேதி பெண் வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? போனது. அதற்குள் இருபத்தைந்தாம் தேதி ஆகிவிட்டது. அன்று சிவபிரகாஷ் நாலு பேர் சொந்தக்காரர்களோடு வந்து, ஒரு கடுதாசியை அபிநயா முன்னால் விசிறிப் போட்டான்.

"இந்தா உன்ற கடுதாசி. கம்பெனி முத்திரை குத்தியிருக்குது. சேலையை வாங்கிக்க."

வந்தவர்கள் எல்லோரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். ஒரு பெரியவர் வெற்றிலையைக்கூட எடுத்து மடித்துவிட்டார். அபிநயா நின்றபடியே கடுதாசியைப் படித்தாள். மேலிருந்து கீழே, முத்திரை வரை. ஐம்பத்தைந்தாயிரம் பெற்றுக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்ததாக நடுவில் ஒரு வரி இருந்தது.

"இது பேரம் பேசுன கடுதாசிங்ண்ணா. முழுசுங் கட்டுனது இல்ல. இதைக் கொண்டுபோயிக் குடுத்தா, கட்டாதவங்கறதுக்குப் பதிலாப் பாதி கட்டித் தப்பிச்சவன்னு எழுதுவாங்க. ஏழு வருசம் எம்பேர்ல நிக்கும்."

"கடுதாசின்னு கேட்டே, கடுதாசி வந்துருச்சு. இன்னும் என்ன அம்மிணி?" என்றார் வெற்றிலைக்காரர்.

"முழுசுங் கட்டின கடுதாசின்னு கேட்டேனுங்க. இன்னும் முப்பத்தேழாயிரத்து நானூறு பாக்கி இருக்குதுங்க."

நோட்டை எடுத்து விரித்து, தேதியோடு எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். அந்தப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடுதாசியையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "பிள்ளை சொல்றது சரிதானப்பா சிவபிரகாஷு. முழுசையுங் கட்டிப்போட்டு வா" என்றார்.

கட்ட அவனிடம் பணம் இல்லாமல் இல்லை. செண்டை மேளத்துக்கு எடுத்து வைத்த பணம் பீரோவில் இருந்தது. அதைத் தொடுவதற்குத்தான் மனசில்லை. அன்று மாலை மணப்பெண் தீபிகா அவனுக்குப் போன் போட்டாள். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பின்னாளில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். "மேளம் இல்லீன்னாலும் எனக்குத் தாலி ஏறும். நாத்தனா உக்காராம ஏறுமாங்க? நாளைக்கு எம்பேர்ல எதையாச்சும் வாங்குனாலும் இப்பிடித்தான் வைக்கல் போட்டு மூடுவீங்களா?" அவ்வளவுதான் கேட்டாளாம்.

இருபத்தாறாம் தேதி சிவபிரகாஷ் சேலத்துக்குப் போனான். செட்டில்மென்ட்டை ரத்து செய்து முழுப் பணமும் கட்டுகிறேன் என்று வந்து நின்றவனைப் பைனான்ஸ் கம்பெனியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடுதாசி பத்து நாளில் தபாலில் வரும் என்றார்கள். வாங்காமல் போனால் எனக்குக் கல்யாணம் நடக்காதுங்க என்று அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்தான், அடுத்த நாளும் போய் உட்கார்ந்தான். மாப்பிள்ளை இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறானே என்று மனமிரங்கி, நந்தகுமார் மேலிடத்துக்குப் பேசிக் கடுதாசியை வாங்கிக் கொடுத்தார்.

இருபத்தேழாம் தேதி மதியம், கல்யாண மண்டபத்து வாசலில் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்தத் தடவை வீசவில்லை, இரண்டு கையாலும் கொடுத்தான். அபிநயா படித்தாள். மறுபடியும் படித்தாள். முழுத் தொகையும் பெறப்பட்டது, கடன் முடிந்தது, பாக்கி எதுவும் இல்லை. அவளுடைய பேர், அவளுடைய அப்பா பேர், வண்டி நம்பர், எல்லாம் சரியாக இருந்தன. மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது.

"எங்க பெரிம்மா, அந்தச் சேலை?" என்றாள்.

மறுநாள் காலையில் மயில் கழுத்துப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, சொன்ன சொல்படி முதல் ஆளாக மனையில் வந்து உட்கார்ந்தாள். செண்டை மேளம் இல்லை. உள்ளூர் நாதஸ்வரக்காரரே ஊதினார், நன்றாகவே ஊதினார். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அண்ணன் பிடித்திருந்தான், மறு தலைப்பை அவள் பிடித்திருந்தாள். சடங்கு நடத்திய அருமைக்காரர் அட்சதை போட்டு முடித்துவிட்டுச் சிவபிரகாஷைப் பார்த்துக் கேட்டார்.

"இணைச்சீர்க்காரிக்கு என்னப்பா சீர் செய்யறே?"

மோதிரம் ஒன்று தயாராகத் தட்டில் இருந்தது. அதை அவன் எடுக்கப் போகும்போது அபிநயா வாயைத் திறந்தாள்.

"மோதிரம் வேண்டாமுங்க. வண்டிச் சாவி வேணும்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "எந்த வண்டி?" என்றார் அருமைக்காரர்.

"எம்பேர்ல இருக்கற வண்டிங்க. ஒரேயடியா வேண்டாம். என்ற மார்க் எழுநூறு தாண்டட்டும், அன்னைக்கு அண்ணன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டு நானே கொண்டாந்து உடறேன். அதுவரைக்கும் எங்கிட்ட நிக்கட்டும்."

பெண்கள் பக்கத்தில் அறிவுச்செல்வி கை தட்டினாள். அவளைத் தொடர்ந்து சம்பளச் சீட்டு வைத்திருந்த, இல்லாத, இனிமேல் வாங்கப் போகிற பெண்கள் எல்லோரும் தட்டினார்கள். மணமகள் அறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தீபிகாவும் தட்டினாள். சிவபிரகாஷ் பட்டு வேட்டி மடிப்பில் துழாவினான். முகம் சிவந்திருந்தது. என்றாலும் சாவியை எடுத்துத் தங்கை கையில் வைக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வைக்கலைத் தட்டிப்போட்டுக் கழுவிக்க அம்மிணி" என்றான்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, கையில் மருதாணி மங்காமல், வங்கி திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்று கடுதாசியைக் கொடுத்தாள். உஷாராணி முழுவதும் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்தஞ்சு நாளுக்குள்ள முழுசும் அடைச்சுட்டயா? நாங்க ஆள் விட்டே வசூல் பண்ண முடியாம எத்தனை கிடக்குது தெரியுமா?" என்றார். கடுதாசியோடு அந்த விவரத்தையும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஆறாம் நாள் வேலைக்கான உத்தரவு வந்தது.

சேருகிற நாளன்று காலை தீர்த்தகிரி வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வாசலில் நிறுத்தியிருந்தார். அத்தாயி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைச் சக்கரத்துக்கடியில் வைக்காமல் மகளின் சோற்றுப் பையில் போட்டாள். "மத்தியானம் சூடா இருக்கும், பிழிஞ்சு குடி சாமி" என்றாள்.

ஒரு வாரமாக ஊர்க் காட்டுப் பாதையில் ஓட்டிப் பழகி, முழங்காலில் ஒரு சிராய்ப்பும் வாங்கியிருந்தாள் அபிநயா. பட்டனை அழுத்தினாள். பத்தடி தாண்டினாள், தெருமுனை தாண்டினாள், இறங்கு என்று சொல்ல யாரும் இல்லை. வையப்பமலையைத் தாண்டி, மல்லசமுத்திரத்தைத் தாண்டி, திருச்செங்கோட்டு மலை எதிரே பெரிதாகி வர வர அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று வாய்விட்டே சிரித்தாள்.

வங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். உஷாராணி அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கறுப்பு வண்டியையும், அதிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிய பெண்ணையும் பார்த்து அசந்து நின்றார்.

"அட! யாரு வண்டிம்மா இது?"

அபிநயா முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"என்னுதுங்க மேடம். எம்பேர்லதான் இருக்குது."